போட்ஸ்ஃபியோர்டு கடல் வானிலை: 9 மீட்டர் என்றார்கள், வந்தது புயல்

மல்லிகை | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். நான் இங்கே புதியவள். நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் போட்ஸ்ஃபியோர்டுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கணவர் மீன் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, இலையுதிர் காலத்தில் இருந்து ஒரு சிறிய படகில் கடலுக்குப் போகிறார். படகில் இருவர் மட்டும்தான்: படகுக்காரரும் இவரும்.

நேற்றுக் காலை நான் கைபேசியில் வானிலை பார்த்துத்தான் அனுப்பினேன். காற்று நொடிக்கு 9 மீட்டர், சிறு பனி, மைனஸ் 8 பாகை. இந்த ஊரில் அது நல்ல நாள். மதியம் மூன்று மணிக்கு ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கடற்குடா) வெளியே காற்று 20ஐத் தாண்டியதாம். ஒரு வெள்ளைச் சுவர் நடந்து வந்தது போல இருந்தது என்கிறார். திரும்பி வரும்போது இரவு பதினொன்று. படகின் கம்பிகள் எல்லாம் கை மொத்தத்துக்குப் பனிக்கட்டி. மனிதர் ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

என் கேள்வி இதுதான். ஒன்பதுக்கும் இருபதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அந்த முன்னறிவிப்பு எதற்கு? இதை நம்பி எப்படி ஆளை அனுப்புவது?

---

வார்டோவாசி | வெள்ளி, இரவு 9.40

முதலில் கணவர் பத்திரமாக வந்ததற்கு மகிழ்ச்சி.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கைபேசியில் எந்த இடத்தின் வானிலையைப் பார்த்தீர்கள்?

---

மல்லிகை | வெள்ளி, இரவு 9.44

போட்ஸ்ஃபியோர்டு என்றுதான் போட்டேன். வேறு எதைப் போடுவது?

---

வார்டோவாசி | வெள்ளி, இரவு 9.51

அங்கேதான் பிழை. நீங்கள் பார்த்தது ஊரின் வானிலை. ஊர் ஃபியோர்டுக்குள், மலைகளின் மடியில் இருக்கிறது. கணவர் மீன் பிடிப்பது தபால் கந்தோர் வாசலில் இல்லையே.

---

கரையூரான் | வெள்ளி, இரவு 10.35

தங்கை மல்லிகைக்கு, நான் 1987இல் ஃபின்மார்க் வந்தவன். ஆறு வருடம் மீனைத் தோல் உரித்தேன், அதன் பிறகு பதினெட்டு வருடம் படகு. இப்போது முழங்கால் ஓய்வு கொடுத்துவிட்டது. வார்டோவாசி சுருக்கமாகச் சொன்னதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடலுக்குப் போகிறவர்களுக்கென்று நோர்வே வானிலை நிலையம் தனியாக முன்னறிவிப்பு எழுதுகிறது. அதில் ஊர்ப்பெயர் இராது, கரையோரம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் துண்டு 'ஸ்லெட்னெஸ் கலங்கரை விளக்கம் முதல் வார்டோ வரை'. அதற்கு மேற்கே நோர்ட்காப் முதல் ஸ்லெட்னெஸ் வரை. வார்டோவுக்குத் தெற்கே ரஷ்ய எல்லைவரை இன்னொன்று. கரையை விட்டு ஆழ்கடலுக்குப் போனால் மீன்மேடுகளின் பெயரில் வாசிப்பார்கள்: நோர்ட்காப் மேடு, ட்ரொம்சோ மேடு என்று. அந்தக் காலத்தில் வானொலியில் இதை வாசிக்கும்போது தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒருவரும் கரண்டி சத்தம்கூடப் போட மாட்டார்கள். மொழி தெரியாத நாங்களும் சும்மா இருப்போம். நோர்வேஜிய மொழியில் நான் முதலில் கற்ற சொற்கள் 'வணக்கம்', 'நன்றி', 'குலிங்'.

பலத்த காற்றுக்கு இங்கே வைத்த பெயரான அந்தக் குலிங் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10.8 மீட்டரில் இருந்து 'லிட்டன் குலிங்', 13.9இல் இருந்து 'ஸ்டீவ் குலிங்', 17.2இல் இருந்து 'ஸ்டெர்க் குலிங்'. 20.8ஐத் தொட்டால் 'லிட்டன் ஸ்டோர்ம்', அதாவது சின்னப் புயல். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். எங்கள் ஊர்க் கணக்கில் அது மணிக்கு 75 கிலோமீட்டர். மீட்டரை 3.6ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும்.

இன்னொன்று. 9, 12 என்று போடுவது பத்து நிமிடச் சராசரி. ஒரு வீச்சு அதைவிட எவ்வளவோ மேலே போகும். காற்று இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. 10க்கும் 20க்கும் உள்ள தூரம் காகிதத்தில்தான் பத்து.

கணவரிடமோ படகுக்காரரிடமோ கேளுங்கள், அன்றைய கடல் முன்னறிவிப்பில் எண்ணுக்குக் கீழே எழுத்தில் என்ன இருந்தது என்று. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு சொல்கிறேன்.

---

ஓஸ்லோகுமாரன் | வெள்ளி, இரவு 11.02

கரையூரான் அண்ணா எழுதினால் எனக்குக் கை விறைக்கிறது. ஓஸ்லோவில் ஹீட்டர் பக்கத்தில் இருந்துகொண்டு விறைக்கிறது. நானும் இரண்டு வருடம் வாட்சோவில் இருந்தவன், சொந்தக்காரர் எல்லோரும் தெற்கே இறங்கியதும் நானும் இறங்கிவிட்டேன். அந்தக் காற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நான் கதை விடுவதாக நினைக்கிறார்கள்.

---

மல்லிகை | சனி, காலை 10.20

கேட்டுவிட்டேன். படகுக்காரர் வியாழன் அதிகாலை பார்த்ததைச் சேமித்து வைத்திருந்தார். தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

"வடக்கு 10 மீட்டர். பிற்பகலில் இருந்து பனிச்சாரல்கள், சாரலின்போது பலத்த காற்று. சாரலில் பார்வைத்தூரம் மோசம். சில இடங்களில் மிதமான பனிக்கட்டிப் படிவு."

இதில் எங்கேயும் 20 இல்லை. புயல் என்ற சொல்லும் இல்லை.

---

கரையூரான் | சனி, காலை 11.05

நான் சந்தேகப்பட்டது அதுதான். 'சாரலின்போது'. அந்த ஒரு சொல்லுக்குள்தான் உங்கள் வெள்ளைச் சுவர் இருந்தது.

தமிழில் சாரல் என்றால் குற்றாலமும் சுகமும் நினைவுக்கு வருகின்றன. இங்கே 'பிகெர்' என்று எழுதுவது அந்தச் சாரல் இல்லை. வடக்கே பனிப்பாளத்தின் மேல் கிடந்து குளிர்ந்த காற்று, உறையாத கடலுக்கு மேலே வரும்போது அடியில் சூடேறிக் கொதித்து எழும். எழுந்த இடத்தில் மேகம் கோபுரம் கட்டும். அந்தக் கோபுரம் கொட்டும்போது மேலே உள்ள காற்றையும் சேர்த்துக் கீழே கொட்டும். இரண்டு சாரலுக்கு நடுவே கடல் கண்ணாடி போலக்கூட இருக்கும். சராசரி எடுத்தால் 10 வரும். படகு சராசரியில் மிதப்பதில்லை.

---

ஐசோபார் | சனி, மதியம் 12.30

கரையூரான் ஐயா சொன்னது சரி. ஆனால் இது வெறும் சாரலாக மட்டும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். (ட்ரொம்சோவில் வானிலையியல் படிக்கிறேன். இன்னும் முடிக்கவில்லை, அதனால் என்னை நிபுணர் ஆக்கிவிடாதீர்கள்.)

சாரல் என்றால் அரை மணி நேரத்தில் ஓய்ந்திருக்கும். மல்லிகை அக்கா எழுதியதன்படி மூன்று மணிக்குத் தொடங்கியது இரவுவரை நீடித்திருக்கிறது. அப்படியானால் அது துருவத் தாழ்வாக இருக்க வாய்ப்புண்டு. 'போலார் லாவ்த்ரிக்' என்று செய்தியில் சொல்வது இதைத்தான்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நோர்வேக் கடலிலும் பாரென்ட்ஸ் கடலிலும் பிறக்கும் சிறிய சுழல் இது. பெரும்பாலும் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த அகலம், ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அட்லாண்டிக் பக்கம் இருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் ஃபின்மார்க் கரை குளிர்காலம் முழுவதும் உறைவதில்லை. கடல் நீர் 4, 5 பாகையில் இருக்கும். அதே நேரம் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று மைனஸ் 40க்குக் கீழே இறங்கியிருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே 43 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் துருவத் தாழ்வுக்கு இடம் உண்டு என்பது முன்னறிவிப்பாளர்கள் பயன்படுத்தும் கைக்கணக்கு. கரை ஏறியதும் அல்லது பனிப்பாளத்துக்கு மேலே போனதும் செத்துவிடும், ஏனென்றால் அதற்குச் சோறு போடுவது கடலின் சூடு.

செயற்கைக்கோள் வருவதற்கு முன்பு இதன் உருவத்தை முழுதாகப் பார்த்தவர் எவரும் இல்லை. மீனவர்கள் பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள், தெளிந்த வானத்தில் இருந்து புயல் விழுகிறது என்று. 1984 பிப்ரவரியில்தான் முதல் முறையாக ஒரு ஆய்வு விமானம் இதற்குள்ளே பறந்து அளந்தது.

---

மட்டுநகரான் | சனி, பிற்பகல் 2.15

கடலின் சூட்டைத் தின்று வளர்வது, கரை ஏறினால் சாவது. இது எங்கள் ஊர்ச் சூறாவளிதானே? 1978 நவம்பரில் மட்டக்களப்பில் அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன.

---

ஐசோபார் | சனி, பிற்பகல் 2.50

ஒரே வம்சம் இல்லை ஐயா, தூரத்து உறவு. சூறாவளிக்குக் கடல் 26 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இதற்கு ஐந்து பாகை போதும், மேலே உள்ள குளிர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சில துருவத் தாழ்வுகளுக்குச் செயற்கைக்கோள் படத்தில் கண்கூட இருக்கும். பலத்தில் சூறாவளிக்கு அருகே வருவது குறைவு.

ஆனால் வங்கக் கடல் புயலை நாள்கணக்கில் பின்தொடரலாம். பெயர் வைக்க, பள்ளிக்கூடம் மூட, சாமான் வாங்க நேரம் இருக்கும். இது காலையில் பிறந்து மறுநாள் காலையில் இல்லாமல் போகும். இப்போது வானிலை நிலையம் இந்தப் பகுதிக்கென்று 2.5 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கும் கணினி மாதிரியை ஓட்டுகிறது. அதனால் 'இன்று ஒன்று பிறக்கக்கூடும்' என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. எங்கே என்பதில்தான் தடுமாற்றம். நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் போட்ஸ்ஃபியோர்டுக்குப் பதிலாக ஹொன்னிங்ஸ்வோக் வாங்கும். வடக்கே அளவெடுக்க நிலமே இல்லை என்பதும் ஒரு காரணம். கரடித்தீவிலும் ஹோப்பன் தீவிலும் சிலர் தங்கி இருந்து வானிலை அளந்து அனுப்புகிறார்கள். அதைத் தவிர அந்தப் பக்கம் வெறும் தண்ணீர். நோர்வேக் கடலில் நின்ற 'போலார்ஃப்ரொன்ட்' என்ற வானிலைக் கப்பலையும் 2010 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். உலகத்தின் கடைசி வானிலைக் கப்பல் அது.

---

வார்டோவாசி | சனி, மாலை 4.05

எல்லாம் நல்ல பாடம். ஆனால் யாராவது ஒருவர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

'சாரலின்போது பலத்த காற்று', 'சில இடங்களில் பனிக்கட்டிப் படிவு'. இதை நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள். அடித்தால் "சொன்னோமே" என்பார்கள். அடிக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. எப்போதும் சரியாக இருக்கும் முன்னறிவிப்பு எனக்கு எதற்கு? இந்த வார்த்தைகளைப் பார்த்து வீட்டில் இருந்தால் குளிர்காலம் முழுவதும் வீட்டில்தான் இருக்க வேண்டும். படகுக் கடனை யார் கட்டுவது?

---

கரையூரான் | சனி, மாலை 5.30

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வார்டோவாசி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

நான் வேலை செய்த படகின் தலைவர் ஒரு நாள் முன்னறிவிப்பைத் தனியாகப் பார்த்து நான் கண்டதில்லை. நேற்று இதே நேரம் என்ன எழுதியிருந்தார்கள், இன்று என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பார். நேற்று 'சாரல்' மட்டும் இருந்து இன்று 'சாரலின்போது பலத்த காற்று' என்று கூடியிருந்தால் அவருக்கு அது செய்தி. நேற்றும் இன்றும் ஒரே வாக்கியம் என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். போன பிறகும் கரையில் இருந்து எவ்வளவு தூரம், ஒதுங்க எந்தக் குடா, அங்கே போக எத்தனை மணி என்று மனதில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கடல் வானொலியின் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை காதில் இருக்கும். குலிங் எச்சரிக்கை புதிதாக வந்தால் கரையோர வானொலி அறிவிக்கும். 'மீதி வலையை இழுத்துவிட்டுப் போவோம்' என்று அவர் ஒரு தடவை சொன்னார். ஒரு தடவைதான். அந்தக் கதையை இங்கே எழுத மாட்டேன்.

இருட்டையும் மறக்காதீர்கள். எங்கள் கரையில் நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதே இல்லை. இப்போது எழத் தொடங்கிவிட்டாலும் மூன்று மணிக்குள் வெளிச்சம் வடிந்துவிடுகிறது. பகலாக இருந்தால் அடிவானத்தில் கறுத்து வரும் சாரலைப் பத்து நிமிடம் முன்பே பார்த்துவிடலாம். இருட்டில் முகத்தில் அடித்த பிறகுதான் தெரியும்.

---

மல்லிகை | சனி, இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போதுதான் அவரே ஒன்றைச் சொன்னார். காற்றைவிட அவருக்குப் பயம் தந்தது பனிக்கட்டியாம். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்வதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்ததாம். இருவரும் மாறி மாறி மரச் சம்மட்டியால் தட்டினார்களாம். 'மிதமான' என்று எழுதியது இதைத்தானா?

---

கரையூரான் | சனி, இரவு 9.00

நிமிர நேரம் எடுத்தது என்று அவர் கவனித்தாரே, அவர் கடலில் நிலைப்பார். அதைக் கவனிக்கத் தெரியாதவர்கள்தான் போய்விடுகிறார்கள்.

கடல் நீர் மைனஸ் 1.9 பாகை அளவில் உறையும். காற்று அதைவிட நன்றாகக் குளிர்ந்து, 10 மீட்டருக்கு மேல் வீசினால், அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) உடைந்து எழும் திவலை கம்பியிலும் கயிற்றிலும் கூரையிலும் பட்டவுடன் கட்டியாகிறது. கட்டியான கம்பி தடிக்கிறது, தடித்த கம்பி இன்னும் அதிகத் திவலையைப் பிடிக்கிறது. எடை எல்லாம் மேலே ஏறுகிறது. படகின் அடி கனமாகவும் தலை இலேசாகவும் இருக்கும்வரைதான் அது படகு.

1968இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இருந்து போன மூன்று இழுவைப் படகுகள் ஒரு மாதத்துக்குள் மூழ்கின. 58 பேர் போனார்கள். மூன்றாவது படகு 'ரொஸ் கிளீவ்லண்ட்' புயலுக்கு ஒதுங்கப் போனது ஐஸ்லாந்தின் ஒரு ஃபியோர்டுக்குள்தான். ஒதுங்கிய இடத்திலேயே பனிக்கட்டியின் பாரத்தில் கவிழ்ந்தது. ஒருவர் மட்டும் உயிரோடு கரை சேர்ந்தார். அவை நம் கணவர்மார் போகும் படகுகளைவிடப் பல மடங்கு பெரியவை.

என்ன செய்வது? வேகத்தைக் குறைத்தால் திவலை குறையும். காற்றுக்கு முகம் கொடுக்காமல் திரும்ப முடிந்தால் இன்னும் குறையும். தட்டுவதை முதல் விரற்கடையிலேயே தொடங்க வேண்டும், கை மொத்தம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது. 'மிதமான' என்பது காரியாலயச் சொல். அதைப் பார்த்தால் சம்மட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

---

ஓஸ்லோகுமாரன் | சனி, இரவு 9.25

இவ்வளவு நேரம் பயமுறுத்தியதற்கு ஒரு சந்தேகம் கேட்கிறேன். வடக்கே இருந்து வருவதுதான் வாடை, அதுதான் குளிர். அப்படியானால் தெற்குக் காற்று என்று போட்டிருக்கும் நாளில் பயமில்லாமல் போகலாம் அல்லவா? மல்லிகை அக்காவுக்கு அப்படிச் சுலபமாக ஒரு விதி சொல்லிவிடலாமே.

---

வார்டோவாசி | சனி, இரவு 9.33

தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். ஓஸ்லோவில் இருங்கள், அங்கேயே இருங்கள்.

---

கரையூரான் | சனி, இரவு 10.10

வார்டோவாசி ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனால் இது முக்கியம், விளக்க வேண்டும்.

குருநகரில் நாங்கள் காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். வாடை, சோளகம், கச்சான், கொண்டல். பெயரைச் சொன்னாலே சூடும் குளிரும், மீன் படும் படாது எல்லாம் அதற்குள் இருக்கும். இங்கே வந்த முதல் வருடம் நானும் அதே பெயர்களைத்தான் வைத்துக்கொண்டேன். அந்தப் பெயர்களே என்னை ஏமாற்றின.

குளிர்காலத்தில் ஃபின்மார்க்கின் உள்நாட்டு மேட்டுநிலத்தில் குளிர்காற்று தேங்கி நிற்கும். கராஷோக்கில் 1886இல் மைனஸ் 51.4 பாகை பதிவாகியிருக்கிறது. நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை இன்றுவரை அதுதான். குளிர்காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளம் தேடி ஓடும். அதற்கு வாய்க்கால் ஃபியோர்டுகள்: பொர்சாங்கர், லக்ஸஃபியோர்டு, தானாஃபியோர்டு. எல்லாம் தெற்கில் இருந்து வடக்கே கடலுக்குத் திறப்பவை. ஆகவே இங்கே தெற்கில் இருந்து வருவதுதான் உண்மையான வாடை. வடக்கே இருந்து வரும் காற்றாவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து கொஞ்சம் சூடேறி வரும். தெற்கே இருந்து வருவது உறைபெட்டியைத் திறந்தது போல நேராக வரும்.

வானம் தெளிவாக இருக்கும், நட்சத்திரம் தெரியும், துறைமுகத்தில் கொடி அசையாது. பெர்லெவோக்கில் இருந்து மேற்கே புறப்பட்டுத் தானாஃபியோர்டின் வாயைக் கடக்கும்போது பக்கவாட்டில் அடிக்கும். கடல் மேல் வெள்ளைப் புகை ஓடும். அழகாக இருக்கும், படம் எடுப்பார்கள். அந்தப் புகை நிற்கும் இடத்தில் பனிக்கட்டி வேகமாகப் பிடிக்கும். முன்னறிவிப்பில் 'ஃபியோர்டு வாய்களில்' என்று தனியாக ஒரு எண் போட்டிருந்தால், தங்கை, அந்த எண்தான் உங்கள் எண்.

---

மட்டுநகரான் | சனி, இரவு 10.40

தெற்கில் இருந்து வாடை. என் அப்பாவிடம் சொன்னால் என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பார்.

---

ஐசோபார் | சனி, இரவு 11.15

அலையைப் பற்றியும் ஒரு வரி. முன்னறிவிப்பில் 3 மீட்டர் அலை என்று இருந்தால் அது எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப் போல இரு மடங்குகூட வரலாம். பாரென்ட்ஸ்வாட்ச் என்ற நோர்வேக் கடல் தகவல் தளத்தில் அலை மோசமாகும் கப்பல் வழிகளுக்குத் தனி அலை முன்னறிவிப்பு இருக்கிறது. மல்லிகை அக்கா அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

---

மல்லிகை | ஞாயிறு, மாலை 6.45

இன்று முதல் முறையாக ஊர்ப்பெயரை விட்டுவிட்டு ஸ்லெட்னெஸ் முதல் வார்டோ வரை வாசித்தேன். ஒரு அகராதியும் கணவரும் பக்கத்தில் இருந்தார்கள். நாளைக்கு எழுதியிருப்பது: தென்கிழக்கு 8, ஃபியோர்டு வாய்களில் 15, தெளிந்த வானம், சில இடங்களில் மிதமான பனிக்கட்டிப் படிவு. நேற்று ஃபியோர்டு வாய்களில் 12 என்று இருந்ததாகப் படகுக்காரர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான் இந்தத் தளத்தில் எழுதாமல் இருந்திருந்தால் 8ஐயும் தெளிந்த வானத்தையும் பார்த்துச் சோறு கட்டியிருப்பேன்.

படகுக்காரர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு மீண்டும் பார்த்துவிட்டுச் சொல்வாராம். கணவர் சம்மட்டிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார்.

---

கரையூரான் | ஞாயிறு, மாலை 7.05

12 இருந்த இடத்தில் 15. நாலு மணிக்கு அது எத்தனையாக இருக்கிறது என்று பாருங்கள். நானும் விழித்துத்தான் இருப்பேன், முழங்கால் தூங்க விடாது.